பிடித்த இசைத்தொகுப்புகள்: வாசகர் வாக்கெடுப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த இசைத்தொகுப்புகளைத் தாங்களே வரிசைப்படுத்தி எழுதித் தரும் வாக்கெடுப்பு ஒன்றை எங்கள் வாசகர் வட்டம் நடத்துகிறது. வாக்குச்சீட்டுகள் கைக்குக் கை போகத் தொடங்கியதும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து நேரிலும் கடிதத்திலும் பல கேள்விகள் வந்தன. அவற்றுக்கான விடைகளை இங்கே தந்திருக்கிறோம். விதி என்ன என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அந்த விதி ஏன் அப்படி அமைந்தது என்பதையும் இயன்றவரை விளக்கியிருக்கிறோம். எந்தத் தொகுப்பு முதலிடம் பெறும் என்பதை வாக்குகளோடு எண்ணும் முறையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதால், முதல் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே அந்த முறை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

வாக்குச்சீட்டில் என்ன எழுத வேண்டும்?

உங்களுக்கு மிகவும் பிடித்த இசைத்தொகுப்புகளை, மிகப் பிடித்தது முதலில் வருமாறு, குறைந்தது ஐந்தும் அதிகம் போனால் பத்துமாக எழுதுங்கள். தொகுப்பின் பெயரோடு இசையமைப்பாளர் பெயரையும் எழுதினால் போதும். ஆண்டு தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிடலாம். ஒரே பெயரில் இரண்டு படங்கள் வந்திருப்பது தமிழில் அபூர்வமில்லை என்பதால்தான் இசையமைப்பாளர் பெயரைக் கேட்கிறோம். சீட்டின் கீழே உங்கள் முதலிடத் தேர்வைப் பற்றி இரண்டு மூன்று வரிகள் எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறோம். அதை வெறுமையாக விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தனித்தனிப் பாடல்களுக்கு வாக்குக் கேட்காமல் தொகுப்புகளுக்கு ஏன் கேட்கிறீர்கள்?

பாடல்களுக்கு வாக்குக் கேட்டால், ஊரெல்லாம் ஒலித்த நூறு பாடல்கள் வரும். அவை எவை என்பது ஏறக்குறைய இப்போதே எல்லோருக்கும் தெரியும். தொகுப்புக்கு வாக்குக் கேட்கும்போது வேறொரு வகையான கவனம் தேவைப்படுகிறது. ஐந்தாறு பாடல்களில் ஒன்று மட்டும் பெரும் வெற்றி பெற்று, மற்றவை இட்டு நிரப்பியவையாக இருக்கும் தொகுப்பு ஒன்று. தனியாக எடுத்துச் சொல்லும்படி ஒரு பாடல் இல்லாவிட்டாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அலுக்காமல் கேட்கக்கூடிய தொகுப்பு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் நன்றாக அறிவார்கள். ஆயினும் அதைச் சொல்வதற்கான வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. ஒரு படத்தின் பாடல்களை ஒரே மனநிலையின் வெவ்வேறு பக்கங்களாக அமைத்த இசையமைப்பாளரின் உழைப்பு, பாடல்களைப் பிரித்துத் தனித்தனியாகக் கேட்கும் இன்றைய பழக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

இசைத்தொகுப்பு என்று எதைக் கொள்வது?

அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பாடல்கள் எந்த வடிவத்தில் விற்கப்பட்டன என்பதோடு சேர்ந்தே தொகுப்பின் எல்லையும் மாறி வந்திருக்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிவு செய்ய முடிந்தது. எனவே 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தின் பாடல்களைக் கேட்க விரும்பியவர், பல இசைத்தட்டுகளைத் தனித்தனியாக வாங்க வேண்டியிருந்தது. எல்.பி. இசைத்தட்டு 1948இல் வந்த பிறகுதான் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் அடக்க முடிந்தது. அதன் பின்னும், பெரும்பாலான தமிழ்ப் படங்களின் பாடல்கள் நான்கு பாடல் கொண்ட சிறிய இ.பி. தட்டுகளாகவே வீடுகளுக்குள் வந்தன.

பிறகு கேசட் வந்தது. ஏ பக்கத்தில் ஒரு படம், பி பக்கத்தில் அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு படம் என்று வந்த கேசட்டுகளை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கத்துக்காக வாங்கி, திருப்பிப் போட்டபோது மறுபக்கத்திலிருந்த படத்தின் பாடல்களுக்குத் தீவிர ரசிகர்களானவர்கள் பலர். வெற்றுக் கேசட்டையும் பாடல் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தரும் கடைகளும் இருந்தன. பட்டியலில் எழுதிய கடைசிப் பாடல் முப்பது நிமிடத்துக்குள் அடங்காமல் பாதிச் சரணத்தில் அறுந்துபோகும். அட்டையின் உட்புறத்தில் கடைக்காரர் நீல மையில், கோடு தாண்டாமல், பாடல்களின் முதல் வரியை எழுதித் தருவார். அப்படிப் பதிவு செய்து வாங்கிய கேசட்டை ஆல்பமாகக் கருதலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தக் கேசட்டின் மீதுள்ள பாசம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அது அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்த தொகுப்பு என்பதால் வாக்கெடுப்பில் சேர்க்க இயலாது.

எங்கள் விதி இதுதான்: ஒரு திரைப்படத்துக்காகப் பதிவு செய்யப்பட்டு வெளியான பாடல்கள் அனைத்தும், எத்தனை தட்டுகளில் வந்திருந்தாலும், ஒரே தொகுப்பு. கேசட்டில் இடம்பெற்றுப் படத்தில் இடம்பெறாத பாடல்களும் அதில் அடங்கும். 1991இல் வந்த 'தளபதி'யின் 'புத்தம் புது பூ' இதற்குத் தெரிந்த உதாரணம். படத்தில் ஒலித்து, இசைத்தட்டில் வராத பின்னணி இசையை இந்த வாக்கெடுப்பு கணக்கில் கொள்ளாது. மறுபதிப்பாக வந்தவை, ஒலித்தரம் உயர்த்தி வந்தவை, வேறு மொழியில் மாற்றிப் பாடப்பட்டவை ஆகியவற்றுக்கான வாக்குகள் மூலத் தொகுப்பின் கணக்கிலேயே சேரும்.

திரைப்படம் சாராத தொகுப்புகளுக்கு வாக்களிக்கலாமா?

கட்டாயம் வாக்களிக்கலாம். கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த 'கிருஷ்ண கானம்', இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988), 'திருவாசகம்' (2005), ஏ.ஆர்.ரகுமானின் 'வந்தே மாதரம்' (1997) போன்றவை முழுத் தொகுப்பாகவே கருதி உருவாக்கப்பட்டவை என்பதால், இந்த வாக்கெடுப்பின் நோக்கத்துக்கு மிக நெருக்கமானவை. ஒரு பாடகரின் அல்லது இசையமைப்பாளரின் சிறந்த பாடல்களைப் பொறுக்கி நிறுவனங்கள் வெளியிட்ட தேர்வுத் தொகுப்புகளை மட்டும் சேர்ப்பதில்லை. இருபது தொகுப்புகளின் உச்சங்களை ஒன்றாகத் திரட்டி வைத்ததோடு ஒரு தனித் தொகுப்பைப் போட்டியிட வைப்பது நியாயமாகாது.

பக்திப் பாடல்கள், வில்லுப்பாட்டு ஆகியவை?

பதிவாக வெளியானவை அனைத்தும் தகுதி பெறும். நம் மாவட்டத்தில் இதைத் தனியாக வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மன் கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலும், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவிலும், தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவின் ஆண்டு விழாவிலும் கேட்டு வளர்ந்த பாடல்கள் நம் செவியைப் பழக்கியதில் திரைப்பாடல்களுக்குக் குறைந்த பங்கு வகிக்கவில்லை. ஆனால் பட்டியல் எழுத உட்காரும்போது, இவற்றை 'ஆல்பம்' என்ற கணக்கில் யாரும் நினைப்பதில்லை. சீட்டு முழுவதும் படப் பெயர்களாகவே நிரம்பிவிடுகிறது. நாகூர் ஹனீபாவின் பாடல்கள், சூலமங்கலம் சகோதரிகளின் கவசப் பதிவு, தேவாலயப் பாடகர் குழுக்கள் வெளியிட்ட கேசட்டுகள், கொடை விழாக்களில் பாடும் வில்லிசைக் குழுக்களின் பதிவுகள் ஆகியவற்றையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நேரில் கேட்ட நிகழ்ச்சியை மட்டும் சேர்க்க முடியாது. தர்காவில் பாடப்படும் ஞானப்புகழ்ச்சி எவ்வளவு உயர்ந்த அனுபவமானாலும், வெளியான ஒரு பதிவைக் குறிப்பிட்டால்தான் வாக்காக எண்ணப்படும்.

மலையாளத் தொகுப்புகளை ஏற்பீர்களா?

ஏற்போம். 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்குப் பின்னும் திருவனந்தபுரம் வானொலியைக் கேட்பதை யாரும் நிறுத்திவிடவில்லை. களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பகுதிகளில் யேசுதாசின் தரங்கிணி நிறுவனம் வெளியிட்ட ஓணப்பாட்டுக் கேசட்டும் அந்த ஆண்டின் தீபாவளிப் படக் கேசட்டும் ஒரே அலமாரியில் இருந்தன. மாவட்டத்தின் கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் திருநெல்வேலி வானொலி. தெற்கே கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலி. 1984 முதல் நாகர்கோவிலுக்கென்றே ஓர் உள்ளூர் வானொலி நிலையம். ஒரு மாவட்டம் எதையெல்லாம் கேட்டது என்று அறிய விரும்பும் வாக்கெடுப்பில் மொழியால் வேலி போட்டால், விளவங்கோடு வட்டத்து வாசகரிடம் பாதி உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பதாக ஆகிவிடும். இந்தி, ஆங்கிலம் உள்ளிட்ட பிற மொழித் தொகுப்புகளுக்கும் தடை இல்லை.

மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும்?

முதலிடத்துக்கு 12, இரண்டாம் இடத்துக்கு 10, மூன்றாம் இடத்துக்கு 8, அதன் பின் ஒவ்வோர் இடத்துக்கும் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என மதிப்பெண் தருகிறோம். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கும் யூரோவிஷன் பாடல் போட்டியில் 1975 முதல் வழங்கி வரும் அளவு இதுவேயாகும்.

முதலிட வாக்குகளை மட்டும் எண்ணினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 100 சீட்டுகள் வந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். 'அ' என்ற தொகுப்பை 40 பேர் முதலிடத்தில் வைக்கிறார்கள். மற்ற 60 பேரின் பட்டியலில் அது எங்குமே இல்லை. 'ஆ'வை 30 பேர் முதலிடத்திலும் 45 பேர் இரண்டாம் இடத்திலும் வைக்கிறார்கள். 'இ'யை 30 பேர் முதலிடத்திலும் 20 பேர் மூன்றாம் இடத்திலும் வைக்கிறார்கள். முதலிடங்களை மட்டும் எண்ணினால் 'அ' வென்றுவிடும். எங்கள் கணக்கில் 'ஆ'வுக்கு 360உம் 450உம் சேர்ந்து 810, 'இ'க்கு 360உம் 160உம் சேர்ந்து 520, 'அ'வுக்கு 480. முக்கால்வாசிப் பேர் முதல் இரண்டு இடங்களுக்குள் வைத்த தொகுப்பு மேலே வருகிறது. பாதிக்கு மேற்பட்டோர் நினைத்தும் பார்க்காத தொகுப்பு மூன்றாவதாக நிற்கிறது. மாவட்டத்தின் விருப்பம் என்று சொல்லத்தக்கது இந்த வரிசைதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இடத்துக்கேற்ப மதிப்பெண் தரும் முறையை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் போர்டா முன்வைத்தார். அவர் முறைப்படி மதிப்பெண் ஒவ்வொன்றாகச் சீராக இறங்கும். அப்படிச் செய்தால் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி, ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள இடைவெளியளவே இருக்கும். முதல் மூன்று இடங்களை முடிவு செய்யத்தான் வாசகர் மிகவும் தடுமாறுகிறார். ஒன்பதாவது எது, பத்தாவது எது என்பதில் அவ்வளவு தீர்மானம் இருப்பதில்லை. நவுரு நாட்டுத் தேர்தலில் 1971 முதல் உள்ள முறையோ இரண்டாம் இடத்துக்குப் பாதி, மூன்றாம் இடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சரசரவென இறங்குகிறது. இசையைப் பொறுத்தவரை, முதலாவதாகப் பிடித்ததில் பாதியளவுதான் இரண்டாவது பிடிக்கும் என்று சொல்வது பொருந்தாது. நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில், ஒவ்வொருவரும் 100 புள்ளிகளைப் பத்து ஆல்பங்களுக்குள், ஒன்றுக்கு 5க்குக் குறையாமலும் 30க்கு மிகாமலும், தாமே பங்கிட்டுக் கொடுத்தார்கள். நுட்பமான முறைதான், ஆனால் கூட்டல் தவறிய சீட்டுகளைத் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்குவது எங்களால் ஆகாது.

மதிப்பெண் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. தம் விருப்பத்துக்குப் போட்டி என்று நினைக்கும் தொகுப்பை, உண்மையில் பிடித்திருந்தும், பட்டியலிலிருந்து வேண்டுமென்றே விட்டுவிட ஒருவரால் முடியும். எனவே முதல் ஐந்து இடங்களுக்கு வருபவற்றை இரண்டிரண்டாக நேருக்கு நேர் ஒப்பிட்டு, எத்தனை சீட்டுகளில் எது எதற்கு மேலே இருக்கிறது என்பதையும் வெளியிடுவோம். இந்த ஒப்பீட்டைப் பற்றி கொண்டோர்செ என்ற பிரெஞ்சு அறிஞர் 1785இல் விரிவாக எழுதியிருக்கிறார். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 'ஆ'வை இரண்டாவதாக வைத்த 45 பேரில் 25 பேர் 'இ'யை முதலில் வைத்தவர்கள் என்று கொண்டால், 'ஆ'வை 'அ'வுக்கு மேல் வைத்தவர்கள் 55 பேர், 'அ'வை மேலே வைத்தவர்கள் 40 பேர். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் முடிவில் நம்பிக்கை கூடும். ஒத்துப்போகாவிட்டால் மதிப்பெண் வரிசையே முடிவாகும். வேறுபாட்டை மறைக்காமல் அருகிலேயே அச்சிடுவோம்.

என்னால் வரிசைப்படுத்த இயலவில்லை. பத்தும் சமம் என்று எழுதலாமா?

எழுதலாம். பத்து இடங்களுக்கான மொத்த மதிப்பெண் 58. அதைச் சமமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 5.8 தருவோம். ஐந்து மட்டும் எழுதி ஐந்தும் சமம் என்றால், முதல் ஐந்து இடங்களின் கூட்டுத்தொகையான 43ஐப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 8.6 கிடைக்கும். இருப்பினும், முதல் மூன்றையாவது வரிசைப்படுத்த முயன்று பாருங்கள். எதை விடமாட்டேன் என்று மனம் பிடிவாதம் பிடிக்கிறதோ அதுதான் முதலிடம்.

ஒரே ஒரு தொகுப்பை எழுதினால்?

அந்தச் சீட்டு எண்ணப்படாது. ஒன்றை மட்டும் எழுதி மற்ற அனைத்துக்கும் மதிப்பெண் கிடைக்காமல் செய்வதைத் தடுக்கவே ஐந்து என்ற கீழ்வரம்பை வைத்திருக்கிறோம்.

ஓர் இசையமைப்பாளருக்கு இத்தனை தொகுப்புகள்தான் என்று உச்சவரம்பு வைக்கக் கூடாதா?

இளையராஜா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர். அவருடைய ரசிகர்களின் வாக்குகள் நூற்றுக்கணக்கான தொகுப்புகளில் சிதறிவிடும், குறைவாக இசையமைத்தவருக்கு வாக்குகள் ஒரே இடத்தில் குவியும் என்பது ஒரு தரப்பின் கவலை. பட்டியல் முழுவதும் இரண்டே பெயர்களால் நிரம்பிவிடும், எனவே ஒருவருக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்பது மறுதரப்பின் கோரிக்கை. இரண்டையும் பரிசீலித்த பிறகு உச்சவரம்பு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். 'அன்னக்கிளி' (1976) தொடங்கி ஒரு தலைமுறையே ஒருவருடைய இசைக்குள் வாழ்ந்திருந்தால், வாக்கெடுப்பும் அதைத்தான் காட்ட வேண்டும்; சமநிலைக்காக அதைத் திருத்தி அமைப்பது வாசகரின் பேனாவை நாங்கள் பிடித்து எழுதுவதற்கு ஒப்பாகும். சிதறும் பிரச்சினையைப் பத்து இடங்கள் பெருமளவு தீர்த்துவிடுகின்றன. தொகுப்பு வரிசையோடு இசையமைப்பாளர் வாரியான மொத்த மதிப்பெண்ணையும் தனி அட்டவணையாகத் தருவோம்.

இருவர் சேர்ந்து இசையமைத்த தொகுப்புகளுக்கு, உதாரணமாக எம்.எஸ்.விஸ்வநாதனும் இளையராஜாவும் இணைந்த 'மெல்லத் திறந்தது கதவு' (1986) போன்றவற்றுக்கு, அந்த அட்டவணையில் இருவர் பெயரிலும் பாதிப் பாதி சேரும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரை ஒரே பெயராகக் கொள்வோம்.

வேட்பாளர் பட்டியல் ஒன்றை நீங்களே கொடுத்தால் எளிதாக இருக்குமே?

எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியலில் இல்லாததை யாரும் எழுதமாட்டார்கள்; அப்போது வாசகர் வாக்கு என்பது எங்கள் நினைவுக்கு வந்தவற்றின் மீதான ஒப்புதலாகச் சுருங்கிவிடும். அதே வேளையில், வெற்றுத்தாளைக் கையில் எடுத்தவருக்கு அண்மையில் கேட்டவையே முதலில் நினைவுக்கு வரும் என்பதையும் அறிவோம். ஒரே அமர்வில் எழுதி முடிக்காதீர்கள். வீட்டில் முதலில் பாட்டுப் பெட்டி வந்த காலம், பள்ளிக்கு மினி பஸ்ஸில் போன காலம், வேலைக்கு வெளியூர் போன காலம் என்று ஒவ்வொன்றாக நினைத்துத் தனித்தாளில் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அதிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பேசினால் மறந்துபோன பல பெயர்கள் வெளியே வரும்.

படம் மிகவும் பிடிக்கும், பாடல்கள் சுமார்தான். வாக்களிக்கலாமா?

இசைக்காக மட்டும் வாக்களியுங்கள். 1997இல் வந்த 'இருவர்' வசூலில் தோற்ற படம். அதன் பாடல்களைக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படத்தையும் நடிகரையும் ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக் கேட்டால் மனத்தில் நிற்குமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

யார் வாக்களிக்கலாம்?

மாவட்டத்தின் ஆறு வட்டங்களில் வசிப்பவர்களும், இங்கே பிறந்து வளர்ந்து வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களும் வாக்களிக்கலாம். வயது வரம்பில்லை. ஒருவருக்கு ஒரு சீட்டு. ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து சீட்டுகள் வரலாம், வர வேண்டும். எழுத இயலாதவர்கள் சொல்ல வேறொருவர் எழுதித் தரலாம். எழுதியவர் பெயரையும் சீட்டில் குறிப்பிட வேண்டும்.

ரசிகர் மன்றத்தினர் மொத்தமாகச் சீட்டுகளை நிரப்பி அனுப்பினால் என்ன செய்வீர்கள்?

ஒளிநகல் எடுத்த பட்டியல்கள் எண்ணப்படா. ஒரே கையெழுத்தில் பல சீட்டுகள் வந்து, எழுதியவர் பெயரும் இல்லையென்றால் அவற்றில் ஒன்றை மட்டும் எண்ணுவோம். முதலிடத் தேர்வைப் பற்றி இரண்டு மூன்று வரிகள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்: உண்மையாகக் கேட்டவர் எழுதும் வரியில், எந்தப் பாடலின் இடையிசை, எந்த இடத்தில் குரல் தாழ்கிறது என்பது போன்ற ஏதேனும் ஒன்று தானாக வந்து விழும். அந்த வரிகளில் சிறந்தவற்றை எழுதியவரின் ஒப்புதலோடு முடிவுகளுடன் வெளியிடுவோம். வாக்களிப்பு முடியும்வரை இடைநிலை நிலவரம் எதையும் சொல்லமாட்டோம். முந்துவது எது என்று தெரிந்துவிட்டால் அதன் பின்னால் போகும் வாக்குகளும், அதைத் தடுப்பதற்காகவே வரும் வாக்குகளும் பெருகிவிடும்.

இசை தெரிந்தவர்களை நடுவர்களாக வைத்துத் தேர்ந்தெடுத்தால் தரமான பட்டியல் கிடைக்காதா?

கிடைக்கலாம், அது வேறொரு பட்டியல். அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2003இல் வெளியிட்ட 500 ஆல்பங்களின் வரிசையில் பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' முதலிடத்தில் இருந்தது. 2020இல் வேறு கலைஞர்களையும் விமர்சகர்களையும் கொண்டு புதிதாக வாக்கெடுத்தபோது மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது. இரண்டு தொகுப்புகளும் வெளிவந்து அப்போதே பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. இசை அப்படியேதான் இருந்தது, வாக்களித்தவர்கள் மாறியிருந்தார்கள். நாங்கள் நடத்துவது எது உயர்ந்தது என்ற தீர்ப்பு அன்று. இந்த மாவட்டத்து மக்கள் எதை விரும்பிக் கேட்டார்கள் என்ற பதிவு. அதற்குத் தறி நெய்பவரும், வலை இழுப்பவரும், ரப்பர் பால் வெட்டுபவரும், ஆசிரியரும் ஒரே எடையுள்ள வாக்காளர்களே.

மதிப்பெண் சமமாக இருந்தால்?

அதிகச் சீட்டுகளில் இடம்பெற்றது மேலே வரும். அதிலும் சமம் என்றால் அதிக முதலிடங்கள் பெற்றது. அதற்கும் மேல் சமமென்றால் இரண்டும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும், குலுக்கல் கிடையாது.

எண்ணும் வேலையை யார் செய்கிறார்கள்? அவர்களும் வாக்களிக்கலாமா?

எங்கள் வாசகர் வட்டத்து உறுப்பினர்கள் மூவர் மூவராக அமர்ந்து எண்ணுவார்கள். ஒருவர் சீட்டை உரக்க வாசிப்பார், ஒருவர் பேரேட்டில் ஏற்றுவார், மூன்றாமவர் ஏற்றியது சரிதானா என்று சீட்டோடு ஒத்துப் பார்ப்பார். பிறகு வேறொரு மூவர் அதே கட்டை முதலிலிருந்து எண்ணுவார்கள். எண்ணுபவர்களும் வாசகர்களே என்பதால் அவர்களுக்கும் வாக்கு உண்டு. ஆனால் வெளியிலிருந்து வந்த முதல் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே அவர்கள் தங்கள் சீட்டை எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

முடிவுகளை எப்படி வெளியிடுவீர்கள்? கணக்கில் ஐயம் இருந்தால் பார்க்க முடியுமா?

முதல் நூறு இடங்களை மதிப்பெண், இடம்பெற்ற சீட்டுகளின் எண்ணிக்கை, பெற்ற முதலிடங்கள் ஆகிய மூன்றோடும் அச்சிடுவோம். வட்டம் வாரியாகவும் வயது வாரியாகவும் முதல் பத்து இடங்கள் தனியே வரும். அகஸ்தீஸ்வரத்துக்கும் விளவங்கோட்டுக்கும் விருப்பம் எங்கே பிரிகிறது என்பதை அறிய நாங்களே ஆவலாக இருக்கிறோம். நூறுக்குக் கீழே உள்ளவை, ஒரே ஒரு சீட்டில் மட்டும் வந்தவை உட்பட, அகர வரிசையில் முழுமையாக இடம்பெறும். பெயர், முகவரி பகுதியைக் கிழித்து நீக்கிய பின் சீட்டுகளை ஓர் ஆண்டு பாதுகாப்போம். அந்தக் காலத்துக்குள் எந்த வாசகரும் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வந்து, பேரேட்டையும் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிழை கண்டுபிடிக்கப்பட்டால் திருத்திய வரிசையை அடுத்த இதழிலேயே, எந்த இடம் எதனால் மாறியது என்ற விவரத்தோடு வெளியிடுவோம்.